பாராமகால் முதல் பைத்தான் வரை



மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். ராஜா ராணி கதை எழுத என்னை விடத் தகுதியானவர்கள் நம் சங்கத்திலேயே பலர் உண்டு. எனக்குத் தெரிந்தது மெஷினும் கம்ப்யூட்டரும்தான். ஆகவே கம்ப்யூட்டரில் நாம் தினமும் பயன்படுத்தும் ஒரு சின்ன விஷயத்தின் சரித்திரத்தை எடுத்துக் கொண்டேன். அதன் பெயர் ரெட்யூஸ். பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ படிக்கும் நம் மாணவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் "அந்த இன்டர்வியூ கேள்வியா?" என்று சலித்துக் கொள்வார்கள். சற்றுப் பொறுங்கள். கம்ப்யூட்டர் உலகில் இதற்கு 60 வயது தாண்டிவிட்டது. இதே கணக்கு நம் கிருஷ்ணகிரி மண்ணில் 200 வருஷத்துக்கு முன்பே பெரிய சர்ச்சையாக நடந்திருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாங்காய் மண்டியில் ஒரு பாடம்

முதலில் ரெட்யூஸ் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

சீசனில் நம் ஊர் மண்டிக்கு ஒரு விவசாயி பெங்களூரா மாங்காய் கொண்டு வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். (நம் மண்ணில் விளையும் கிளிமூக்குக்குப் பக்கத்து மாநிலத் தலைநகரின் பெயர் ஒட்டிக் கொண்டது தனிக்கதை!) மொத்தம் ஐந்து கிரேட். எடை 21, 19, 23, 20, 22 கிலோ. கணக்குப்பிள்ளை என்ன செய்கிறார்? மனதில் 0 என்று ஆரம்பிக்கிறார். முதல் கிரேட் இறங்கியதும் 21. அடுத்தது இறங்கியதும் 40. பிறகு 63, 83, 105. கடைசியில் ஐந்து எண்கள் போய் ஒரே எண் நிற்கிறது.

இதுதான் ரெட்யூஸ். இதற்கு மூன்று விஷயங்கள் போதும். ஒன்று, வரிசையாக இருக்கும் எண்கள். இதைத்தான் அர்ரே என்கிறோம். இரண்டு, இரண்டை ஒன்றாக்கும் விதி, இங்கே கூட்டல். மூன்று, தொடக்க மதிப்பு, இங்கே 0. போகப் போகக் கையில் வைத்திருக்கும் 21, 40, 63 என்ற இடைக்கால எண்ணுக்கு அக்யுமுலேட்டர் என்று பெயர்.

விதியை மாற்றினால் விடை மாறும். "இரண்டில் பெரியது எது?" என்பது விதியானால் கடைசியில் 23 நிற்கும். "எண்ணிக்கையில் ஒன்று கூட்டு" என்பது விதியானால் 5 நிற்கும். பொருட்கள் அதேதான், நடந்து போகும் வழியும் அதேதான். விதி மட்டும் வேறு. அந்த நடையைத் தனியாகவும் விதியைத் தனியாகவும் பிரித்துப் பார்த்ததுதான் ரெட்யூஸ் என்ற கண்டுபிடிப்பின் சாரம்.

இன்னொன்றையும் இப்போதே கவனித்து வையுங்கள். 105 என்ற விடையைப் பார்த்து "மூன்றாவது கிரேட் எத்தனை கிலோ?" என்று யாராலும் சொல்ல முடியாது. ரெட்யூஸ் ஒருவழிப்பாதை. போனது போனதுதான். இந்தக் கட்டுரையின் முக்கியமான சங்கதியே இதுதான்.

பாராமகாலில் ஒரு கணக்கு வழக்கு

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் தன் ராஜ்யத்தில் பாதியை விட்டுக் கொடுக்க வேண்டி வந்தது. அதில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த பகுதிகளில் ஒன்று பாராமகால். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர் எல்லாம் அதில் அடக்கம். (ஓசூர்ப் பக்கம், அதாவது பாலாகாட், 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் கம்பெனி வசம் வந்தது.) புதிதாக வந்த நாட்டில் வரி எவ்வளவு வரும்? இதைக் கண்டுபிடிக்கக் கார்ன்வாலிஸ் பிரபு அனுப்பிய ஆள் ஒரு ராணுவ அதிகாரி, கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்கள் மூன்று பேர். அவர்களில் தர்மபுரியில் ஏழு வருஷம் இருந்தவர்தான் பிற்காலத்தில் சென்னை மாகாண கவர்னரான தாமஸ் மன்றோ.

இவர்கள் செய்தது அன்றைக்கு அசாதாரணமான வேலை. வயல் வயலாக அளந்தார்கள். மண்ணைத் தரம் பிரித்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை எழுதினார்கள். வயல்களைக் கூட்டினால் ஒரு ரயத்தின் கணக்கு. ரயத்துகளைக் கூட்டினால் கிராமக் கணக்கு. கிராமங்களைக் கூட்டினால் தாலுகா. தாலுகாக்களைக் கூட்டினால் ஜில்லா. ரயத்துவாரி முறை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அதன் பிறப்பிடம் நம் பாராமகால்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்றைய புரோகிராமர் கண்ணால் பார்த்தால் இது படிப்படியாக நடக்கும் ரெட்யூஸ். எல்லா வயலையும் ஒரே ஆள் உட்கார்ந்து கூட்டவில்லை. ஒவ்வொரு கிராமக் கர்ணமும் தன் பங்கைக் கூட்டினார். மேலே உள்ளவர் கர்ணங்களின் கூட்டுத்தொகைகளை மட்டும் கூட்டினார். ரீட் துரைக்கு புரோகிராமிங் தெரியும் என்று நான் கதை விடவில்லை! ஆனால் பெரிய கணக்கைத் துண்டு போட்டுச் சேர்க்கும் அமைப்பு என்பது கம்ப்யூட்டருக்கு முன்பே மனிதர்களைக் கொண்டு ஓடியிருக்கிறது என்பது உண்மை.

இதற்குப் போட்டியாக இன்னொரு முறை இருந்தது. 1793-ல் வங்காளத்தில் கொண்டு வந்த நிரந்தர நிலவரித் திட்டம். அதில் வயல் கணக்கெல்லாம் சர்க்காருக்கு வேண்டாம். ஒரு ஜமீனுக்கு ஒரே தொகை. அதை ஜமீன்தார் கட்டிவிட்டால் போதும். யார் எவ்வளவு கொடுத்தார்கள், எந்த வயல் காய்ந்தது என்பதெல்லாம் கம்பெனியின் கண்ணுக்குத் தெரியாது. 1800-களின் தொடக்கத்தில் நம் பகுதியையும் மிட்டாக்கள் என்று பிரித்து, இதே மாதிரி மொத்தத் தொகைக்கு மிட்டாதார்களிடம் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று? பல மிட்டாக்கள் பாக்கி விழுந்து ஏலத்துக்குப் போயின. அவை மறுபடியும் சர்க்கார் கைக்கு வந்து ரயத்துவாரிக்கே திரும்பின.

ரயத்துவாரியில் வரி லேசாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் குடியானவன் முதுகை முறித்த காலம் உண்டு. நான் சொல்வது கணக்கு முறையைப் பற்றி மட்டும். மிட்டாவில் மிஞ்சியது விடை மட்டும். ரயத்துவாரியில் விடையும் இருந்தது, அந்த விடை எந்த எண்களிலிருந்து வந்தது என்ற அடங்கலும் இருந்தது. தகராறு வந்தால் அடங்கலைப் புரட்டலாம். வருஷா வருஷம் தாலுகா ஆபீசில் நடக்கும் ஜமாபந்தி என்பதே கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஏற்பாடுதான். பரம்பரைக் கர்ணம் பதவி தமிழ்நாட்டில் 1980-ல் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அடங்கலும் சிட்டாவும் ஜமாபந்தியும் இன்றும் இருக்கின்றன.

ஐவர்சனின் சாய்கோடு

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். கென்னத் ஐவர்சன் கனடா நாட்டுக்காரர், 1920-ல் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கணக்குப் பாடம் நடத்தியபோது, கரும்பலகையில் எழுதுவதற்குக் கணிதத்தின் குறியீடுகள் அவருக்குப் போதவில்லை. கூட்டலுக்கு சிக்மா உண்டு. அதை 1755-ல் ஆய்லர் பயன்படுத்தினார். பெருக்கலுக்குத் தனி எழுத்து. பெரியதைக் கண்டுபிடிக்க இன்னொரு எழுத்து. எல்லாமே ஒரே மாதிரி நடைதானே, ஏன் இத்தனை எழுத்து என்று ஐவர்சன் யோசித்தார்.

1960-ல் ஐபிஎம் கம்பெனிக்குப் போன அவர், 1962-ல் தன் குறியீடுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அந்தப் புத்தகத்தின் தலைப்பின் முதல் எழுத்துகளே பிறகு ஏபிஎல் என்ற மொழியின் பெயராயின. அதில் ஒரு சாய்கோட்டின் இடது பக்கம் விதியை எழுத வேண்டும், வலது பக்கம் எண்களை எழுத வேண்டும். அவ்வளவுதான்.

+/ 21 19 23 20 22 என்றால் 105.

×/ 1 2 3 4 5 என்றால் 120.

⌈/ என்றால் எல்லாவற்றிலும் பெரியது.

இதற்கு அவர் வைத்த பெயர்தான் ரிடக்‌ஷன். பெயரும் பொருத்தம். அட்டவணையைக் கொடுத்தால் வரிசை கிடைக்கும். வரிசையைக் கொடுத்தால் ஒற்றை எண் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பரிமாணம் குறைகிறது.

ஐவர்சன் இன்னொரு கேள்வியையும் விடவில்லை. வரிசையில் ஒன்றுமே இல்லை என்றால்? மண்டிக்கு அன்று ஒரு கிரேட் கூட வரவில்லை என்றால்? கூட்டலுக்கு விடை 0. பெருக்கலுக்கு விடை 1. பள்ளியில் கூட்டல் சமனி, பெருக்கல் சமனி என்று மனப்பாடம் செய்தோமே, "இது எதுக்குடா?" என்று அப்போது முணுமுணுத்தோமே, அதன் உபயோகம் இங்கேதான். காலி அர்ரேயையும், தொடக்க மதிப்பு இல்லாமல் ரெட்யூஸையும் இன்றைய ஜாவாஸ்கிரிப்டில் கொடுத்துப் பாருங்கள். பிழை என்று நின்றுவிடும். பைத்தானும் அப்படியே. ஏபிஎல்லில் கூட்டல், பெருக்கல் போன்றவற்றுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சமனி இன்னது என்பது மொழிக்கே தெரியும்.

1966-ல் ஏபிஎல் ஐபிஎம் இயந்திரத்தில் ஓடத் தொடங்கியது. 1979-ல் ஐவர்சனுக்கு டூரிங் விருது கிடைத்தது. நல்ல குறியீடு நல்ல சிந்தனைக்குக் கருவி என்பதுதான் அன்று அவர் ஆற்றிய உரையின் கரு. 2004-ல் காலமானார்.

நம் நாட்டில் லூப் காலம்

இந்தியாவில் நிலைமை வேறு. 1963-ல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 கம்ப்யூட்டர் வந்தது. அங்கே கற்பித்தவர்களில் ஒருவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன். ஃபோர்ட்ரான் பற்றி அவர் எழுதிய பாடப்புத்தகங்களைப் படிக்காத பழைய இன்ஜினியர் அபூர்வம். நம் மூத்த அண்ணன்மார்களைக் கேட்டால் தெரியும்.

அன்றைய ஃபோர்ட்ரானில் ரெட்யூஸ் கிடையாது, லூப்தான். தொகை என்ற பெட்டியில் 0 வை; 1 முதல் 100 வரை போ; ஒவ்வொரு தடவையும் தொகையோடு அடுத்த எண்ணைக் கூட்டித் திரும்பத் தொகையிலேயே வை. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நடையும் விதியும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. எங்கே தொடங்குகிறது, எத்தனை தடவை, எது மாறுகிறது என்று படிப்பவர்தான் பிரித்துப் புரிந்து கொள்ள வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஃபோர்ட்ரானை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ். 1977-ல் டூரிங் விருது வாங்கிய மேடையிலேயே, ஒவ்வொரு எண்ணாக எடுத்து எடுத்து வைக்கும் இந்த பாணியிலிருந்து புரோகிராமிங்குக்கு விடுதலை கிடைக்குமா என்று கேட்டார் அவர்! அதற்கு மாற்றாக அவர் முன்வைத்த முறையில் ஐவர்சனின் சாய்கோடு முக்கிய இடம் பெற்றது. தான் பெற்ற பிள்ளையின் குறையைத் தானே சபையில் சொல்ல ஒரு பெரிய மனசு வேண்டும்.

அதே காலத்தில் லிஸ்ப் மொழிக்காரர்களும் இதே எண்ணத்தில் இருந்தார்கள். 1984-ல் காமன் லிஸ்ப் மொழியின் விளக்க நூல் வந்தபோது அதில் ரெட்யூஸ் என்ற பெயரிலேயே ஃபங்ஷன் இடம் பெற்றது. 1990-ல் வந்த ஹாஸ்கெல் மொழியில் இதற்கு மடிப்பு என்று பொருள்படும் ஃபோல்டு என்ற பெயர். இடமிருந்து மடித்தால் ஒன்று, வலமிருந்து மடித்தால் இன்னொன்று.

இடமா வலமா?

எந்தப் பக்கமிருந்து சேர்த்தால் என்ன, விடை ஒன்றுதானே என்று தோன்றும். கூட்டலுக்கு அது சரி. கழித்தலுக்கு? 10, 3, 2 என்ற மூன்று எண்களை இடமிருந்து கழித்தால் 10-லிருந்து 3 போக 7, அதிலிருந்து 2 போக 5. வலமிருந்து வந்தால் 3-லிருந்து 2 போக 1, 10-லிருந்து அந்த 1 போக 9. எண்கள் அதே, விதி அதே, விடை வேறு!

எப்படி அடைப்புக்குறி போட்டாலும் விடை மாறாத விதிக்குச் சேர்ப்புப் பண்பு உண்டு என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். கூட்டல், பெருக்கல், பெரியதைத் தேர்வு செய்தல் ஆகியவற்றுக்கு உண்டு. கழித்தலுக்கு இல்லை. ஏதோ பரீட்சைக்கான சமாச்சாரம் என்று நாம் தள்ளி வைத்த இந்தப் பண்பின் மேல்தான் இன்று பல பெரிய கம்ப்யூட்டர் கணக்குகள் நிற்கின்றன.

காரணம் இதுதான். 1,024 எண்களைக் கூட்ட 1,023 கூட்டல்கள் வேண்டும். ஒரே ஆள் செய்தால் 1,023 படிகள். ஆட்கள் நிறைய இருந்தால், முதல் படியில் இரண்டிரண்டாகக் கூட்டி 512 ஆக்கலாம். அடுத்து 256, 128 என்று பத்தே படிகளில் முடிந்துவிடும். ஆனால் இப்படித் துண்டு போட்டுச் செய்ய விதிக்குச் சேர்ப்புப் பண்பு இருந்தாக வேண்டும். கர்ணங்கள் தனித்தனியே கூட்டிய தொகையை ஜில்லா கச்சேரியில் தைரியமாகக் கூட்ட முடிந்ததற்கும் அதே காரணம்தான்.

1991-ல் புனேயின் சி-டாக் நிறுவனம் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டரை வெளியிட்டது நம் நாட்டுக்கே பெருமையான விஷயம். பல சிறு பிராசஸர்களைச் சேர்த்துக் கட்டிய இயந்திரம் அது. அந்த மாதிரி இயந்திரங்களில் ஒவ்வொரு பிராசஸரும் தன் பங்கைக் கணக்கிட்ட பிறகு விடைகளைச் சேர்த்தாக வேண்டும். 1994-ல் இதற்கென்று உலகப் பொதுவாக எம்பிஐ என்ற தர விதிகள் வந்தபோது, ரெட்யூஸ் அதில் ஒரு கட்டளையாகவே நுழைந்தது. சேர்த்த விடையை எல்லா பிராசஸருக்கும் திருப்பிக் கொடுக்கும் ஆல்-ரெட்யூஸ் என்ற கட்டளையும் வந்தது. இன்று செயற்கை நுண்ணறிவு மாடல்களைப் பல இயந்திரங்களில் பயிற்றுவிக்கும்போது, ஒவ்வொன்றும் கற்றதைக் கூட்டிச் சேர்ப்பது இந்த ஆல்-ரெட்யூஸ் முறையில்தான்.

பிறகு 2004 டிசம்பர். கூகுளின் ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத் இருவரும் மேப்-ரெட்யூஸ் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லிஸ்ப் போன்ற மொழிகளில் உள்ள மேப், ரெட்யூஸ் இரண்டிலிருந்தே யோசனை பிறந்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். புரோகிராமர் இரண்டு ஃபங்ஷன் எழுதிக் கொடுத்தால் போதும். வேலையைப் பிரிப்பது, நடுவில் ஒரு இயந்திரம் படுத்துவிட்டால் அதன் பங்கை வேறொன்றுக்குக் கொடுப்பது எல்லாவற்றையும் அமைப்பே பார்த்துக் கொள்ளும். சுமார் 1,800 இயந்திரங்களில், ஏறக்குறைய ஒரு டெராபைட் தகவலை 891 விநாடிகளில் வரிசைப்படுத்திக் காட்டினார்கள். 2006-ல் இதே வழியில் ஹடூப் என்ற இலவச மென்பொருள் வந்தது. அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலைக்குப் போன நம் ஆட்களில் பலர் அதில் குப்பை கொட்டியவர்கள்தான்!

சராசரி செய்த சதி

சேர்ப்புப் பண்பு இல்லாத விதிகளில் மிகவும் பொல்லாதது சராசரி. பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். ஒரு சம்பவம் சொல்கிறேன். சிப்காட்டில் எனக்குத் தெரிந்த ஒரு ஆலை, பெயர் வேண்டாமே. அங்கே ஷிஃப்டின் மொத்த ரிஜெக்‌ஷன் 2 சதவீதத்துக்குள் இருந்தால் காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. அந்த ஷிஃப்டில் இரண்டு லைன். பெரிய லைனில் 1,000 பீஸ் ஓடியதில் 10 ரிஜெக்ட். அதாவது 1 சதவீதம். சின்ன லைனில் 100 பீஸ், அதிலும் 10 ரிஜெக்ட். அதாவது 10 சதவீதம். ரிப்போர்ட் ஷீட் என்ன செய்தது தெரியுமா? 1-ஐயும் 10-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 5.5 சதவீதம் என்று காட்டியது. ஊக்கத்தொகை கட்!

லைனில் வேலை பார்த்த ஒரு அக்கா தினமும் எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட் என்று நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். "சார், மொத்தம் 1,100 பீஸ் ஓடியிருக்கு. 20 தான் போயிருக்கு. அது எப்படி சார் அஞ்சரை ஆகும்?" என்று கேட்டார். 1,100-க்கு 20 என்றால் 1.8 சதவீதம். கேள்வி நியாயமானது. ஷீட்டைத் திருத்தினார்கள், பணமும் வந்தது.

இதில் புரோகிராமருக்கு என்ன பாடம்? சராசரியைச் சராசரியோடு சேர்க்கக் கூடாது. அக்யுமுலேட்டரில் மொத்தம், எண்ணிக்கை என்ற இரண்டையும் ஜோடியாக எடுத்துச் செல்ல வேண்டும். ஜோடியை ஜோடியோடு கூட்டுவதற்குச் சேர்ப்புப் பண்பு உண்டு. வகுத்தலைக் கடைசியில் ஒரே ஒரு தடவை செய்தால் போதும். அந்த அக்கா கையில் இருந்த நோட்டு அந்த ஜோடிகளின் பட்டியல்தான். பழைய பாஷையில் சொன்னால், அதுதான் அந்த லைனின் அடங்கல்.

கூட்டலை நம்பலாம் என்றேன். கம்ப்யூட்டரில் தசம எண்கள் வந்தால் அதுவும் முழுசாக நிஜமில்லை. சாதாரணமாகப் பயன்படும் 64 பிட் தசம எண்ணில், 1-க்குப் பின்னால் 16 சைபர் போட்ட எண்ணோடு 1-ஐக் கூட்டி, பிறகு அதே பெரிய எண்ணைக் கழித்துப் பாருங்கள். விடை 0 வரும். முதலில் கழித்துவிட்டுப் பிறகு 1-ஐக் கூட்டினால் விடை 1. இடமில்லாமல் அந்த 1 நடுவில் உதிர்ந்து போகிறது. அதனால்தான் சி++ மொழியில் வரிசை மாறாமல் கூட்ட அக்யுமுலேட் என்ற ஒன்று முன்பே இருக்க, வரிசையை மாற்றிக் கூட்டவும் அனுமதி உள்ள ரெட்யூஸ் என்ற இன்னொன்றை 2017-ன் தர விதிகளில் தனியாகச் சேர்த்தார்கள்.

பைத்தானில் வந்ததும் போனதும்

கடைசியாக மாணவர்களுக்குப் பிடித்த பைத்தான். 1994-ல் வந்த பைத்தான் 1.0-லேயே ரெட்யூஸ் இருந்தது. லிஸ்ப் பழகிய ஒருவர் ஆசைப்பட்டு எழுதி அனுப்பியது என்று பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் குறிப்பிட்டிருக்கிறார். அதே கைடோ 2005-ல் ரெட்யூஸை எடுத்துவிடலாம் என்றார். கூட்டல், பெருக்கல் தவிர வேறு விதியோடு ரெட்யூஸ் எழுதியிருந்தால், அதைப் புரிந்து கொள்ளத் தனக்கே பேப்பரும் பேனாவும் தேவைப்படுகிறது என்பது அவருடைய குறை. 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்தபோது ரெட்யூஸ் நடுக்கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போனது. ஃபங்க்டூல்ஸ் என்ற பகுதியிலிருந்து வரவழைத்துத்தான் பயன்படுத்த வேண்டும். அடுத்த ஆண்டே, 2009-ல், ஜாவாஸ்கிரிப்ட் தன் ஐந்தாம் பதிப்பில் ரெட்யூஸை முன் வாசலில் வரவேற்றது. ஜாவா 2014-ல் சேர்த்துக் கொண்டது. ஒரு வீட்டில் வழியனுப்பு, அடுத்த வீட்டில் ஆரத்தி!

யார் சொல்வது சரி? என் அபிப்பிராயம், இருவருமே சரி. விதி எளிமையாக இருந்து, அதற்குச் சேர்ப்புப் பண்பும் இருந்தால் ரெட்யூஸைப் போல அழகு வேறில்லை. விதிக்குள் நாலு இஃப், மூணு எல்ஸ் வைத்து, அடுத்தவர் படித்தால் தலை சுற்றும்படி எழுதுவதானால் பழைய லூப்பே மேல். ஐவர்சன் குறியீட்டை உண்டாக்கியது கரும்பலகையில் மாணவர்களுக்குப் புரிய வைப்பதற்காக. மிரட்டுவதற்காக அல்ல.

தம்பி தங்கைகளுக்கு

நீங்கள் படித்துவிட்டு வெளியே வரும்போது நம் ஊர் எப்படி இருக்கும்? 1980-களில் மோப்பெட், லாரி, கைக்கடிகாரம் என்று ஓசூரில் தொடங்கிய தொழில் இன்று சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வரை பரவி நிற்கிறது. இன்றைய ஆலைகளில் மெஷின்கள் ஓயாமல் எண்களைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. மானேஜரின் டேபிளுக்குப் போவதோ ஒரே ஒரு எண். ஷிஃப்டுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று. அந்த எண்ணை உண்டாக்கும் ஃபங்ஷனை எழுதப் போகிறவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். சில வரிகள்தான். ஆனால் அந்த வரிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிலாளியின் ஊக்கத்தொகை இருக்கலாம், ஒரு சிறு பட்டறையின் ஆர்டர் இருக்கலாம்.

ஆகவே மூன்று கேள்விகளை மறக்க வேண்டாம். ஒன்று, என் விதியைத் துண்டு போட்டுச் செய்தாலும் அதே விடை வருமா? இரண்டு, ஒன்றுமே வராத நாளில் என் ஃபங்ஷன் என்ன சொல்லும்? மூன்று, விடையைப் பார்த்து ஒருவர் "இது எப்படி வந்தது?" என்று கேட்டால் காட்டுவதற்கு அடங்கல் பத்திரமாக இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் மொத்தத் தொகையை மட்டும் நம்பிய மிட்டாக்களின் கதியைப் பார்த்தோம். வயலை வயலாக எழுதி வைத்த கணக்கு, ஆட்சிகள் மாறியும், சேலம் ஜில்லா 1965-ல் தர்மபுரியாகவும் 2004-ல் கிருஷ்ணகிரியாகவும் பிரிந்த பிறகும், இன்றும் தாலுகா ஆபீசில் புரட்டிப் பார்க்கும்படி இருக்கிறது.

கூட்டுங்கள், சுருக்குங்கள், தாராளமாக ஒன்றாக்குங்கள். ஆனால் அடங்கலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!